சபைப் பெண்கள் சங்கம் ஒரு விதவைக்கு என்ன செய்ய முடியும்: கைப்பிடி அரிசியிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அரக்கோணம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான கேள்விகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சபையில் உதவி வாங்கினால் அரசு விதவை உதவித்தொகை நின்றுவிடுமா? தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைச் சபையிலேயே ஒரு குடும்பம் எடுத்து வளர்த்தால் கேஸ் ஆகுமா? முன்பெல்லாம் மிஷன் விடுதியான போர்டிங்கில் சேர்த்துவிட்டால் பிள்ளை படித்து ஆளாகிவிடுமே, இப்போது ஏன் எல்லாரும் கையை விரிக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். சங்கம் கொடுக்கும் அரிசியும் சேலையும் அரசு உதவித்தொகைக்குக் குறுக்கே வராது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும். அப்படி வரும்போது இன்னொன்றும் தெரியவரும்: ஒரு விதவைக்கு நம் பெண்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கணவர் போன முதல் சில மாதங்களில் அவளோடு கூடவே ஆபீஸ் ஆபீஸாக நடப்பதுதான். இதைப் பல சங்கங்கள் ஒரு ஊழியமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

சங்கம் என்றால் எது

வேலூர் வட்டாரமான வடஆர்க்காட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் வேர் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனில் இருக்கிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது, 1976-ல் வேலூர் பேராயம் தனியானது. ஒவ்வொரு சபையிலும் பெண்கள் ஐக்கிய சங்கம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஆயரின் மனைவியான ஆயரம்மா முன்நிற்பார். மற்ற திருச்சபைகளிலும் பெயர்தான் வேறு, வேலை இதே மாதிரிதான்.

பணம் எங்கிருந்து வருகிறது? சந்தா, சங்க நாள் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பங்கு, அப்புறம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பையில் கட்டிக்கொண்டு வந்து சபையில் கொட்டுவார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும், அதை அப்படியே வடித்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. அதனால்தான் விவரமான சங்கங்கள் அதை விற்றுக் காசாக்கி, ஒரே ரக அரிசியாக வாங்கிக் கொடுக்கின்றன. பீடி சுற்றியும் தோல் தொழிற்சாலைக்குப் போயும் பிழைக்கிற பெண்கள் தங்கள் உலையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பிடி அது, சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மாதம் பத்து கிலோ அரிசி பசியை ஆற்றும், ஸ்கூல் பீஸும் வீட்டு வாடகையும் கட்டாது.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

சபையில் எல்லாரையும் "விதவைகள், திக்கற்றோர்" என்று ஒரே மூச்சில் சொல்லி ஜெபிக்கிறோம். அரசு அப்படிப் பார்ப்பதில்லை.

1. விதவை: கணவர் இறந்தவர். இறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். சபையின் அடக்க ரெஜிஸ்டரில் பெயர் இருந்தாலும் அது அதற்கு ஈடாகாது.

2. ஆதரவற்ற விதவை: மறுமணம் செய்யாமல், வருமானத்துக்கும் பார்த்துக்கொள்ளவும் வழியில்லாதவர். தமிழ்நாட்டு அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 1975-லிருந்து இருக்கிறது. 18 வயதுக்கு மேல் விண்ணப்பிக்கலாம், சொத்து மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டம் தனி, அது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 40 வயது தாண்டிய விதவைகளுக்கு. தமிழ்நாட்டில் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஏற்கெனவே இப்படி உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது என்று விதி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வருகிற ஆயிரம் எனக்கு ஏன் வரவில்லை என்ற குழப்பம் இங்கிருந்து வந்ததுதான்.

3. கைவிடப்பட்டவர்: கணவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் விட்டுவிட்டுப் போய்விட்டார். இவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. சபையில் இவர்களைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், விதவைகள் பட்டியலில் பெயர் வராது, குடும்பம் என்ற கணக்கிலும் வராது.

"அநாதை" என்ற சொல்லுக்கும் இதே பிரச்சினைதான். ஹோமில், அதாவது பிள்ளைகள் இல்லத்தில், இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அப்பா போனார், அம்மாவால் சமாளிக்க முடியவில்லை, அதனால் ஹோம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது அம்மா வீட்டில் அடுப்பெரிய ஒரு வழி. இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

முதல் மூன்று மாதம்: காகித வேலை

அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் ஒரு பாரத்தைக்கூடப் படிக்க முடியாது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூட நின்றால் போதும்.

1. இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் மேலதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டியதாகிவிடும். இன்னொன்று, எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு. அரக்கோணத்துக்காரர் வேலூரில் ஆஸ்பத்திரியில் இறந்தால் சான்றிதழ் வேலூரில். ஊர் ஆபீசில் போய் நின்று பிரயோஜனமில்லை.

2. பெயர். வடஆர்க்காட்டுச் சபைகளில் விண்ணப்பம் அதிகம் சிக்குகிற இடம் இதுதான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. சபையில் மேரி, ரேஷன் கார்டில் முனியம்மா. கணவர் சபையில் ஏசுதாஸ், கம்பெனியில் ஏழுமலை. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கும்போது பதற்றத்தில் கூட இருப்பவர் வாயில் வருகிற பெயரைச் சொல்லிவிடுவார், அதுவே இறப்புச் சான்றிதழில் ஏறிவிடும். பிறகு வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் "இது யார், அது யார்" என்று திருப்பி அனுப்புவார்கள். சாவு வீட்டில் சங்கப் பெண் ஒருவர் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே எழுதச் சொன்னால், ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

3. வாரிசுச் சான்றிதழ், விதவைச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பார். அரசு வேலை முன்னுரிமைக்குக் கேட்கும் "ஆதரவற்ற விதவைச் சான்று" வேறு, அது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அளவில் கிடைப்பது. விதவைச் சான்றிதழையும் இதையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கிவைத்துவிட்டு, பிறகு வேலை விண்ணப்பத்தில் ஏமாறுகிறவர்கள் உண்டு.

4. கல்யாணச் சான்று. சபைக் கோயிலில் நடந்த கல்யாணம் சபைக் கல்யாண ரெஜிஸ்டரில் இருக்கும், அதன் நகலை ஆயரிடம் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். மாமியார் வீட்டில் தகராறு வந்தாலோ, இன்னொருத்தி உரிமை கேட்டு வந்தாலோ, இந்தக் காகிதம் பேசும்.

5. உதவித்தொகை விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஒப்புகைச் சீட்டில் இருக்கும் எண்ணைச் சங்க நோட்டிலும் எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் தகவல் இல்லையென்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு மனு கொடுக்கலாம்.

எந்த ஆபீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பேராயம் ஒன்றுதான், மாவட்டம் வேறு. வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் பக்கத்து விதவையை வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைய கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

யாரும் கேட்காமல் கிடக்கும் பணம்

மாதம் 1,200 ரூபாயை விடப் பெரிய தொகை சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கணவர் ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலையில், ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவரா? அப்படியானால் பி.எஃப். பிடித்திருப்பார்கள். அதில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு: சேர்ந்த பணம், மாதப் பென்ஷன், இன்சூரன்ஸ். பலரும் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால், பென்ஷன் திட்டத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே விதவைக்குப் பென்ஷன் வரும், குறைந்தது மாதம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் வரை 25 வயதுவரை, அம்மா பென்ஷனில் ஆளுக்கு 25 சதவீதம் தனியாக வரும். தாயும் இல்லாத பிள்ளைக்கு 75 சதவீதம். இன்சூரன்ஸ் தொகை சம்பளத்தைப் பொறுத்து 7 லட்சம் ரூபாய் வரை போகலாம். பீடித் தொழிலாளிக்கும் பி.எஃப். உண்டு. வேலை செய்த இடத்தில் விபத்தில் இறந்து, அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் என்றால், குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் சார்ந்தோர் உதவி தனி.

வங்கி பாஸ்புக்கையும் ஒருமுறை எடுத்து, மே, ஜூன் மாதப் பக்கங்களில் விரலை வைத்துப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்த வரி இருக்கிறதா? அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அதுவும் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். எந்தக் கையெழுத்துக்கு எந்தப் பணம் பிடித்தார்கள் என்று கணவருக்கே தெரிந்திருக்காது, மனைவிக்கு எப்படித் தெரியும். தாமதிக்காமல் வங்கி மேனேஜரிடம் கேட்க வேண்டும்.

கட்டட வேலை, ஆட்டோ, கைத்தறி என்றால் நலவாரிய அட்டை இருந்ததா, புதுப்பித்திருந்தாரா என்று பாருங்கள். ஈமச்சடங்கு உதவியும் இறப்பு உதவியும் அதில் உண்டு. பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படித்து, சம்பாதிக்கிற பெற்றோர் விபத்தில் போயிருந்தால், பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, தலைமையாசிரியர் மூலம் போக வேண்டும்.

வீடும் நிலமும்

கிறிஸ்தவர்களுக்குச் சொத்து பிரிவது 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. உயில் எழுதாமல் கணவர் இறந்தால், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணும் சமம். பிள்ளையில்லை, கணவர் பக்கம் ரத்த சொந்தம் இருக்கிறது என்றால் மனைவிக்குப் பாதி. யாருமே இல்லையென்றால் முழுவதும் அவளுக்கே. பிள்ளைகள் இருக்கும்போது மாமனார், மாமியார், கொழுந்தனார் யாருக்கும் இறந்தவரின் சொத்தில் பங்கு கிடையாது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பெண்கள் பதினாறாம் நாள் முடிவதற்குள் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள்! வெற்றுப் பேப்பரில் கையெழுத்து மட்டும் போடாதே என்று சொல்ல வக்கீல் வேண்டாம், சங்கத்து அக்கா ஒருத்தர் சொன்னால் போதும். தகராறு முற்றினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும்.

பிள்ளைகள்: ஹோம் ஏன் கடைசி வழி

முன்பு மிஷன் போர்டிங்குகள் ஊர் ஊராக இருந்தன, அவற்றால் படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம் சபைகளில் நிறைய. அந்த நன்றியை விட்டுக்கொடுக்காமலே இன்றைய சட்டத்தைப் புரிந்துகொள்ளலாம்.

2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு சபை ஹாலில் பத்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துச் சோறு போட்டாலும் இது பொருந்தும். சட்டம் இப்படிக் கடுமையாக இருப்பதற்குக் காரணம், யாரும் வந்து பார்க்காத வீடுகளில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள்தான். ஆகவே இதை நம்மேல் வந்த கெடுபிடி என்று நினைக்க வேண்டியதில்லை.

"எடுத்து வளர்ப்பது" பற்றி: பெற்றவளிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டோ, ஆயர் முன்னால் ஜெபம் பண்ணியோ பிள்ளையை வாங்கிக்கொள்வது தத்து ஆகாது. முறை தவறிய தத்துக்கு மூன்று வருஷம் வரை சிறையோ ஒரு லட்சம் அபராதமோ இரண்டுமோ உண்டு. முறையான வழி இப்படி:

1. யாருமில்லாத பிள்ளை என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் பண்ணுங்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும்.

2. பாட்டி, அத்தை, சித்தி யாராவது வளர்க்க முன்வந்தால், அதைக் குழுவிடமே சொல்லிப் பதிவு பண்ணிக்கொள்ளலாம். பிற்பாடு ஸ்கூல், வங்கி, பென்ஷன் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவு உதவும்.

3. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. விதவைத் தாயோடு இருக்கும் பிள்ளையும், சொந்தக்காரர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளையும் கேட்கலாம். குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். எல்லாருக்கும் கிடைத்துவிடாது, ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு எப்படியும் கிடைக்காது.

4. 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள், அல்லது ஒருவர் இறந்து மற்றவர் விட்டுப் போனவர், சிறையில் இருப்பவர், பெரிய நோயிலோ ஊனத்திலோ விழுந்தவர் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு.

இதெல்லாம் கிடைக்கும்வரை இடைவெளியை நிரப்புகிற வேலைதான் சங்கத்துடையது: ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், செருப்பு, அம்மா வேலையிலிருந்து வரும்வரை சாயந்தரம் பிள்ளை உட்கார ஒரு வீடு. இந்தக் கடைசி உதவிக்குப் பைசா செலவில்லை, பெண் பிள்ளை இருக்கிற தாய்க்கு அதைவிடப் பெரிய நிம்மதியும் இல்லை.

வெளிநாட்டுப் பணம் ஏன் வற்றியது

சுருக்கமாக: வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-ல் புதிதாக வந்தது, 2020-ல் இறுக்கப்பட்டது. அனுமதி பெற்ற ஒரு அமைப்பு வாங்கும் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் மட்டும்தான் வாங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே 2017-ல் கம்பாஷன் என்ற சர்வதேச அமைப்பு இந்தியாவில் தன் வேலையை மூடியபோது, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஆதரவு நின்றது. பெரிய அமைப்பிடமிருந்து சின்ன ஹோமுக்குப் பணம் வந்த குழாய் இப்படித்தான் அடைபட்டது. ஆயரோ கமிட்டியோ மனமில்லாமல் மறுக்கிறார்கள் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. உள்ளூர் காணிக்கையில் நடக்கும் சங்க உதவிக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது.

பட்டியலை யார் எழுதுகிறார்கள்

ஆதித் திருச்சபையில் வந்த முதல் பெரிய முறுமுறுப்பே இதைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள், அதற்காக ஏழு பேரைத் தனியாக நியமிக்கிறார்கள். நம் சபைகளிலும் விடுபடுகிறவர்கள் யார் என்று நிதானமாகப் பார்த்தால் ஒரு வரிசை தெரியும்: சந்தா பாக்கி உள்ளவள், வேறு ஜாதியில் கட்டிக்கொண்டவள், குடித்துச் செத்தவன் மனைவி, தூக்கு மாட்டிக்கொண்டவன் மனைவி, தெருக்கோடியில் இருப்பதால் ஆயரம்மா கண்ணில் படாதவள். கணவன் செத்த விதத்துக்கு அவளைத் தண்டிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டாக வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. பட்டியலைத் தலைவியும் செயலாளரும் மட்டும் எழுதாமல், விதவைகளிலேயே இரண்டு பேரைக் குழுவில் வையுங்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அப்படியே கல்யாண வீட்டில், சங்க நாள் விளக்கேற்றுதலில் அவர்களைப் பின்னால் நிறுத்துவதும் நிற்கட்டும்.

கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுக்கும்போது மேடையேற்றிப் போட்டோ எடுப்பதையும் நிறுத்தலாம். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, பிள்ளையோடு படிக்கிறவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், நோட்டில் கையெழுத்து வாங்குங்கள், கணக்குக்கு அது போதும்.

சபைக்கு வெளியே இருப்பவர்கள்

பேரணாம்பட்டிலோ கே.வி.குப்பத்திலோ சபைத் தெருவை ஒட்டி முஸ்லிம் வீடும் இந்து வீடும் இருக்கும். மேலே சொன்ன சான்றிதழ், உதவித்தொகை, பி.எஃப்., பிள்ளைகள் திட்டம் எதற்கும் மதம் தடையில்லை, ஆகவே காகித வேலையைக் கற்றுக்கொண்ட சங்கப் பெண் யார் வீட்டுக்கும் போய் உதவலாம். சொத்துப் பங்கு மட்டும் மாறும். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், கணவரின் தனிச் சொத்தில் மனைவி, ஒவ்வொரு பிள்ளை, கணவரின் தாய் எல்லாருக்கும் சமபங்கு, அங்கே மாமியாருக்கும் உரிமை உண்டு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒன்று. சபையில் கேட்ட மூன்றில் ஒன்று கணக்கை அந்த வீடுகளில் போய்ச் சொல்லிவிடாதீர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.